காலி செய்யச் சொல்வதும் எழுத்தில் இருக்கட்டும்

(கிளியனூரில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் நாங்கள் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நம் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பேசுவோம். இன்றைக்கு நாம் குடியிருக்கிற வீட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். அதுவும் வாடகை வீட்டைப் பற்றி.

"கிராமத்துல இருக்கிற நமக்கு எதுக்கு இந்தப் பேச்சு? வாடகை வீடெல்லாம் டவுன்காரங்க சமாச்சாரமாச்சே" என்று சிலர் நினைப்பீர்கள். கொஞ்சம் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் படிப்புக்காகத் திண்டிவனத்தில் வீடு எடுத்தவர்கள் எத்தனை பேர்? புதுச்சேரிப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே குடியிருக்கிற மகன், மருமகள் எத்தனை பேர்? இங்கே கிளியனூர் மெயின் ரோட்டிலேயே தையல் மிஷின் போட்டுக்கொண்டு, அதே வீட்டில் வாடகைக்கு இருக்கிறவர்கள் எத்தனை பேர்? இன்னொரு பக்கமும் இருக்கிறது. கடன் வாங்கி ஒரு அறை கூடுதலாகக் கட்டி, அதை வாடகைக்கு விட்டிருக்கிற சகோதரிகளும் நம் குழுக்களில் இருக்கிறார்கள். ஆக இது இரண்டு பக்கமும் நம் பிரச்சினைதான்.

ஒரு நடந்த கதையைச் சொல்லித் தொடங்குகிறோம். பெயர் வேண்டாம். சொன்னால் இரண்டு பேருக்கும் சங்கடம்.

நம் குழுச் சகோதரி ஒருவர். கணவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். ஒன்பது வருஷமாக ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தார். மாதம் பிறந்தால் வாடகையைக் கையில் கொடுத்துவிடுவார். ஒரு மாதம் கூடத் தவறியதில்லை. ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் வீட்டுக்காரம்மா வந்தார். "என் பையனுக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. அவனுக்கு இந்த வீடு வேணும். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள காலி பண்ணிடும்மா" என்றார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. நடுவில் நான்கே நாள்தான்.

சகோதரி அழுதுகொண்டே குழுத் தலைவி வீட்டுக்கு வந்தார். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் யார் வீடு மாறுவார்கள்? பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இப்போதுதான் திறந்திருக்கிறது. அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும்? எல்லோரும் கூடி உட்கார்ந்தோம். "நாலு நாள்ல போகச் சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. வங்கி மேனேஜரிடம் வட்டிக் கணக்கை வாதாடிப் பேசுகிற நமக்கு இது தெரியவில்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நம் குழுவில் எல்லாவற்றையும் எழுதுகிறோம். தீர்மானப் புத்தகம் இருக்கிறது, ரொக்கப் புத்தகம் இருக்கிறது, ஒவ்வொருவர் கையிலும் சேமிப்புப் பாஸ் புத்தகம் இருக்கிறது. பத்து ரூபாய் கூடுதலாக வந்தாலும் யார் கொடுத்தது என்று எழுதி வைக்கிறோம். ஆனால் மாதம் ஆயிரக்கணக்கில் கொடுக்கிற வாடகைக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. மொத்தமாகக் கொடுத்த அட்வான்ஸுக்கு ஒரு கையெழுத்து கிடையாது. எல்லாம் வாய்ச்சொல்.

அதன் பிறகு இலவச சட்ட உதவிக்குப் போய்க் கேட்டோம், படித்தோம். தெரிந்துகொண்டதை இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதல் கேள்வி: எழுத்தே இல்லாமல் வாடகைக்கு இருந்தால், அது வாடகைக் குடியிருப்பு ஆகுமா?

ஆகும். 1882-ம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றும் நடைமுறையில் உள்ளது. வாயால் பேசி, வீட்டையும் ஒப்படைத்துவிட்டால் அதுவும் வாடகைக் குடியிருப்புதான் என்று அதன் 107-ம் பிரிவு சொல்கிறது. மாதாமாதம் வாடகை கொடுத்து இருந்தால் அது மாதக் குடியிருப்பு. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு வாடகை ஒப்பந்தம் போட்டால் மட்டும் அதைப் பத்திரமாகப் பதிவு செய்தே ஆக வேண்டும். எல்லோரும் "11 மாசம்" என்று எழுதுவதன் ரகசியம் இதுதான். பதிவுச் செலவைத் தவிர்க்கத்தான் அந்த 11.

ஆகவே "எழுத்து இல்லையே, உனக்கு என்ன உரிமை?" என்று யாராவது கேட்டால் பயப்பட வேண்டாம். எழுத்து இல்லாதவரும் வாடகைதாரர்தான்.

இரண்டாவது கேள்வி: கிராமத்தில் காலி செய்யச் சொல்வதற்கு எத்தனை நாள் கொடுக்க வேண்டும்?

அதே சட்டத்தின் 106-ம் பிரிவில் பதில் இருக்கிறது. குடியிருப்பு வீடு, மாதக் குடியிருப்பு என்றால் 15 நாள் அறிவிப்பு, அதாவது நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரோ அவருக்காக வேறொருவரோ கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், வீட்டில் இருக்கிற குடும்பத்தாரிடமும் கொடுக்கலாம். இதெல்லாம் முடியாமல் போனால்தான் வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டலாம். வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சத்தம் போடுவது நோட்டீஸ் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்புவதும் நோட்டீஸ் ஆகாது.

முன்பெல்லாம் இந்த 15 நாள் குடியிருப்பு மாதக் கடைசியில் வந்து முடிய வேண்டும் என்று ஒரு கணக்கு இருந்தது. ஒரு நாள் பிசகினாலும் வழக்கு தோற்றுப்போகும். 2002 கடைசியில் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து கணக்கு. 5-ம் தேதி கிடைத்தால் 20-ம் தேதி வரை நமக்கு நாள் உண்டு. அதனால் நோட்டீஸ் வந்தால் எந்தத் தேதியில் வாங்கினோம் என்று அதன் மேலேயே குறித்து வையுங்கள். வாங்க மாட்டேன் என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள். அப்படித் திருப்பினால் நமக்கு லாபம் ஒன்றும் இல்லை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போவதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிராமத்தில் மாதக் குடியிருப்பை முடிக்க வீட்டுக்காரர் காரணம் சொல்லத் தேவையில்லை. சரியான நோட்டீஸ் கொடுத்தால் போதும். நாம் போவதாக இருந்தாலும் அதே 15 நாள் நோட்டீஸை நாமும் எழுத்தில் கொடுக்க வேண்டும். சட்டம் இரண்டு பக்கத்துக்கும் பொது.

மூன்றாவது கேள்வி: 15 நாள் எப்படிப் போதும்?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. 15 நாளில் வீடு தேடி, அட்வான்ஸ் புரட்டி, பிள்ளைக்குப் பள்ளி மாற்றிப் போக முடியுமா? முடியாது. ஆனால் அதே 106-ம் பிரிவில் நமக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. இரண்டு பேரும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால்தான் 15 நாள். "காலி செய்ய இரண்டு மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டால் அந்த இரண்டு மாதம்தான் செல்லும். மூன்று மாதம் என்று எழுதினால் மூன்று மாதம்.

சகோதரிகளே, இதை நன்றாகக் கவனியுங்கள். நாம் எழுதாமல் விட்டால் சட்டம் 15 நாள்தான் கொடுக்கும். நாம் எழுதிக்கொண்டால் அதற்கு மேலும் கிடைக்கும். ஒரே ஒரு வரிதான். அந்த வரியை வீடு பிடிக்கிற அன்றைக்குத்தான் கேட்டு வாங்க முடியும். சண்டை வந்த பிறகு யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

நான்காவது கேள்வி: 11 மாதம் எழுதியிருந்து, அது முடிந்துவிட்டால்?

காலம் குறித்து எழுதிய ஒப்பந்தம் அந்தத் தேதியோடு முடிகிறது. அதற்குத் தனி நோட்டீஸ் வேண்டியதில்லை. ஆனால் தேதி முடிந்த பிறகும் நாம் அங்கேயே இருந்து, வீட்டுக்காரரும் வாடகையை வாங்கிக்கொண்டு இருந்தால் அது மாதக் குடியிருப்பாக மாறிவிடுகிறது. 116-ம் பிரிவு இதைச் சொல்கிறது. அப்போது மறுபடியும் எழுத்தில் நோட்டீஸ் வேண்டும். நம்மில் பலரும் இந்த நிலையில்தான் இருக்கிறோம். பெட்டிக்கு அடியில் ஐந்து வருஷத்துக்கு முன்னே எழுதிய 11 மாத ஒப்பந்தம் கிடக்கிறது, நாம் இன்னும் அதே வீட்டில் இருக்கிறோம்.

"வீட்ட வித்துட்டேன், வாங்குனவரு கேக்குறாரு, கெளம்பு" என்பார்கள். வீடு கைமாறினால் குடியிருப்பு தானாக முடிந்துவிடாது. பழைய வீட்டுக்காரர் இருந்த இடத்தில் புதியவர் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். அவரும் அதே நோட்டீஸைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் நாம் கொடுத்த அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது, யார் திருப்பித் தருவார் என்பதை அன்றைக்கே இரண்டு பேரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது கேள்வி: நோட்டீஸ் நாள் முடிந்துவிட்டது, நாம் போகவில்லை. பூட்டுப் போடலாமா?

கூடாது. நோட்டீஸ் முடிந்தாலும் வீட்டுக்காரர் தானே வந்து சாமானை வெளியே எடுத்துப் போடவோ, பூட்டுப் போடவோ முடியாது. நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, அந்த வழியில்தான் காலி செய்ய வைக்க வேண்டும். ஒரு இடத்தில் நிலையாக இருந்து வருகிறவரை, அவருக்கு அங்கே இருக்க உரிமை இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், சட்டத்தின் வழியாக அல்லாமல் வெளியேற்றக் கூடாது என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நீதிமன்ற ஆணை இல்லாமல் போலீஸாரும் வீட்டைக் காலி செய்ய வைக்க முடியாது.

அப்படியும் பலவந்தமாக வெளியேற்றிவிட்டால்? 1963-ம் ஆண்டின் குறிப்பிட்ட பரிகாரச் சட்டம், 6-ம் பிரிவு. ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டால் வீட்டை மறுபடி நம் வசம் ஒப்படைக்கச் சொல்லிக் கேட்கலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே வராது. சட்டத்தை மீறி வெளியேற்றினார்களா என்பது மட்டும்தான் கேள்வி. ஆனால் ஆறு மாதம் தாண்டினால் இந்த வழி அடைபட்டுப் போகும். "பாக்கலாம், பேசலாம்" என்று நாளைக் கடத்தாதீர்கள். பூட்டுப் போட்டாலோ, மிரட்டினாலோ காவல் நிலையத்தில் எழுதிப் புகார் கொடுங்கள், மனு ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்த ரசீதும் ஒரு எழுத்துதான்.

ஆறாவது கேள்வி: திண்டிவனத்தில் இருக்கிற என் மகளுக்கும் இதே சட்டம்தானா?

இல்லை. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். இதுவரை சொன்ன 15 நாள் கணக்கு கிளியனூர் போன்ற கிராம ஊராட்சிகளுக்கு. திண்டிவனம், விழுப்புரம் போன்ற நகரங்களுக்கும், பேரூராட்சிகளுக்கும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. முன்பு 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதை நீக்கிவிட்டு, வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்துகிற 2017-ம் ஆண்டுச் சட்டத்தை 22.2.2019 முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள்.

நகரத்துச் சட்டத்தில் நமக்கு முக்கியமானவை இவை.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும். 11 மாதமானாலும், அதற்குக் குறைவானாலும் எழுத்து வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். துணை ஆட்சியர் பதவிக்குக் குறையாத ஒருவர்தான் வாடகை அதிகாரியாக இருப்பார். கையெழுத்திட்ட ஒப்பந்தம் ஒன்று வீட்டுக்காரரிடமும் ஒன்று நம்மிடமும் இருக்க வேண்டும். வாடகை கொடுத்தால் ரசீது தர வேண்டும். வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

காலி செய்யச் சொல்வதற்கு நகரத்தில் காரணம் வேண்டும். சட்டம் சொல்கிற காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகை நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். வாடகை பாக்கி ஒரு காரணம். அதற்கும் இரண்டு மாத பாக்கி நின்று, எழுத்தில் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் நாம் கட்டாமல் இருந்தால்தான். வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது, அனுமதி இல்லாமல் வேறு ஆளை வைப்பது, வீட்டுக்காரருக்கோ அவர் குடும்பத்துக்கோ வீடு தேவைப்படுவது, இவையும் காரணங்கள். தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது, இப்படித் தொல்லை கொடுத்துக் காலி செய்ய வைக்கக் கூடாது. அப்படிச் செய்தால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். இந்தச் சட்டம் வருவதற்கு முன்னிருந்தே குடியிருந்து, பிறகு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளாமல் விட்டிருந்தால், அதையே காரணமாகக் காட்டிக் காலி செய்யக் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கிராமத்தில் எழுத்து இல்லாவிட்டால் நாள் குறையும். நகரத்தில் எழுத்து இல்லாவிட்டால் வீடே கேள்விக்குள்ளாகும். அதனால் திண்டிவனத்தில் இருக்கிற மகளுக்கு இன்றைக்கே போன் பண்ணிக் கேளுங்கள்: "அக்ரிமெண்ட் எழுதினியா? பதிவு நம்பர் இருக்கா?"

புதுச்சேரி தனி ஆட்சிப் பகுதி. அங்கே வாடகைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் அங்குள்ள சட்ட உதவி மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒத்திக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை.

மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் இருப்பது நம் பக்கம் உண்டு. ஒத்தி என்போம், போக்கியம் என்போம், டவுனில் லீஸ் என்கிறார்கள். மகளின் நகையை அடகு வைத்து, குழுக் கடனையும் சேர்த்து ஒத்திப் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வீட்டையே ஈடாக எழுதி வாங்குகிற ஒத்தி ஒரு வகை அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட அடமானமானால், இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வெறும் பேப்பரில், இல்லையென்றால் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி முத்திரை வைத்தால் போதும் என்று நம்பிவிடாதீர்கள். லட்சக்கணக்கில் பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கலாம். வங்கி வந்து கதவைத் தட்டும்போது நம் பணம் எங்கே என்று யாரைக் கேட்பது?

சரி, நம் சகோதரியின் கதைக்கு வருவோம்.

இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நாங்கள் நாலு பேர் வீட்டுக்காரம்மாவிடம் போனோம். சண்டைக்குப் போகவில்லை. "அம்மா, உங்க பையன் கல்யாணம் நல்லபடியா நடக்கணும். வீடு உங்களுது, நாங்க இல்லைன்னு சொல்லல. ஆனா நாலு நாள்ல போகச் சொல்றது சட்டப்படி செல்லாது. எழுத்துல கொடுங்க, கொஞ்சம் நாளும் கொடுங்க" என்றோம். முதலில் கோபப்பட்டார். "ஒன்பது வருஷம் பிள்ளை மாதிரி வச்சிருந்தேன், எனக்கே சட்டம் சொல்றீங்களா?" என்றார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அவருக்கும் இந்தச் சட்டம் தெரியாது. அவரும் நம்மைப் போல ஒரு பெண், கணவரை இழந்தவர், அந்த ஒரு வீட்டை நம்பி இருப்பவர்.

கடைசியில் உட்கார்ந்து பேசி, ஆவணி பிறந்த பிறகு காலி செய்வது என்று தேதி போட்டு ஒரு தாளில் எழுதினோம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நாங்கள் சாட்சி. சகோதரிக்கு ஆடி தாண்டி நாள் கிடைத்தது. அடுத்த தெருவிலேயே வீடும் கிடைத்தது. பிள்ளைகள் அதே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக இருந்திருக்கும். அட்வான்ஸ் பேச்சு வந்தது. "நான் 20,000 கொடுத்தேன்" என்றார் சகோதரி. "என் வீட்டுக்காரர்தான் வாங்கினார், 10,000 தான்னு என்கிட்ட சொன்னார்" என்றார் வீட்டுக்காரம்மா. வாங்கியவர் இன்று உயிரோடு இல்லை. கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டு இல்லை. சாட்சி இல்லை. இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. இரண்டு பேருமே பொய் சொல்லாமல் இருக்கலாம். 10,000 தான் திரும்பி வந்தது. மீதி 10,000-க்கு நம் சகோதரி குழுவில் உள்கடன் வாங்கிப் புது வீட்டு அட்வான்ஸ் கட்டினார். அந்தக் கடனை மாதாமாதம் கட்டி முடித்தார்.

சட்டம் அவருக்கு நாள் வாங்கிக் கொடுத்தது. பணத்தை வாங்கிக் கொடுக்கவில்லை. ஏனென்றால் கையில் எழுத்து இல்லை. ஒன்பது வருஷம் முன்பு ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால் அந்தக் கடன் தேவைப்பட்டிருக்காது. ஒன்பது வருஷப் பழக்கமும் கெட்டுப் போயிருக்காது.

ஆகவே, வீடு பிடிக்கும்போது ஒப்பந்தத்தில் என்னென்ன எழுத வேண்டும்? குறித்துக்கொள்ளுங்கள்.

1. வீடு எது, எந்தத் தெரு, எத்தனை அறை, கதவு எண்.

2. மாத வாடகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கொடுப்பது, எப்போது எவ்வளவு உயர்த்துவது.

3. அட்வான்ஸ் எவ்வளவு, யார் கையில், எந்தத் தேதியில் கொடுத்தது. காலி செய்யும் நாளில் எப்படித் திருப்புவது.

4. கரண்ட் பில், தண்ணீர், சுண்ணாம்பு அடிப்பது யார் செலவு.

5. காலி செய்ய எத்தனை மாதம் முன்பு எழுத்தில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கணக்கு. பள்ளி நடுவில், ஆடியில், மார்கழியில் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று வேண்டுமானால் அதையும் பேசி எழுதலாம்.

6. இரண்டு பேர் கையெழுத்து, இரண்டு சாட்சி, ஆளுக்கு ஒரு பிரதி.

மாத வாடகையைக் கையில் கொடுத்தால் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். சேமிப்புப் பாஸ் புத்தகம் மாதிரியே அதுவும். போன் மூலம் பணம் அனுப்புகிறவர்கள் "இந்த மாத வீட்டு வாடகை" என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். வீட்டுக்காரர் வேண்டுமென்றே வாடகை வாங்க மறுத்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். பாக்கிக்காரி என்று நாளைக்கு அதையே சொல்வார்கள். அவர் வங்கிக் கணக்கில் கட்டி ரசீதை வையுங்கள். நகரத்தில் இருந்தால் வாடகை அதிகாரியிடம் செலுத்தவும் வழி இருக்கிறது.

இப்போது வீடு வாடகைக்கு விட்டிருக்கிற சகோதரிகளுக்கு. உங்களுக்கும் இது பாதுகாப்புதான். எழுத்து இருந்தால் குடியிருப்பவர் "நான் வாடகைக்கு இல்லை, இது எனக்கே சொந்தம்" என்று நாளைக்குப் பேச முடியாது. காலி செய்ய வைக்க வேண்டிய நேரம் வந்தால் கோபத்தில் பேசாமல், இப்படி ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்:

"என் வீட்டில் மாத வாடகைக்குக் குடியிருக்கும் உங்களுக்கு எழுதுவது. இந்த அறிவிப்பு உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து இத்தனை நாள் முடிந்ததும் குடியிருப்பு முடிவடைகிறது. அன்று வீட்டை ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் தொகையைப் பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, சாவி வாங்கும் அன்றே தருகிறேன்."

கீழே தேதி, கையெழுத்து. ஒரு பிரதியில் அவர் வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருக்கிறதோ அதற்குக் குறையாமல் கொடுங்கள். நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நாள் முடிந்த பிறகும் வழக்கம்போல வாடகை வாங்கிக்கொண்டே இருந்தால், நோட்டீஸை நீங்களே கைவிட்டதாகப் பேச்சு வரும். அதையும் கவனத்தில் வையுங்கள்.

கடைசியாக, வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். 1987-ம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். பெண் என்பதே தகுதி. விழுப்புரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வட்ட அளவில் நீதிமன்ற வளாகத்திலேயே வட்டக் குழு இருக்கும். 15100 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் போன் செய்தும் கேட்கலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழுவாகப் போங்கள். வங்கிக்கு அப்படித்தானே முதல் தடவை போனோம்?

அடுத்த மாதக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் மூன்று கேள்வி கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். நம் உறுப்பினர்களில் வாடகைக்கு இருப்பவர் யார், வாடகைக்கு விட்டிருப்பவர் யார்? அட்வான்ஸுக்கு எழுத்து இருக்கிறதா? காலி செய்ய எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா?

எழுத்து இல்லாதவர்கள் வீட்டுக்காரரோடு நல்லபடியாகப் பேசி, சண்டை வருவதற்கு முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். சாட்சிக் கையெழுத்துப் போட நாங்கள் வருகிறோம்.